நிழல் ஒட்டாத தூர்

புரட்டாசி மாதம் பாதி கழிந்திருந்தபோது சிவரஞ்சனியின் கைப்பேசிக்கு அந்தச் செய்தி வந்தது. மதுரையில் அவள் வேலை பார்க்கும் கல்லூரியின் மூலக்கூறு உயிரியல் துறைத் தலைவி சுஜாதா, ஆசிரியர்கள் எல்லாருக்கும் அதை அனுப்பியிருந்தார். கல்லூரியின் இணையதளத்தைப் புதுப்பிக்கிறார்கள். அவரவர் ஆராய்ச்சி ஆர்வம் என்ன என்று நூற்றைம்பது சொற்களில் எழுதி, ஒரு புகைப்படத்தோடு, ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வரும்போது கொடுத்துவிட வேண்டும்.

மற்றவர்கள் அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். ஒருவருக்குப் புற்றுநோய்ச் செல்கள் ஓரிடம் விட்டு ஓரிடம் போவதில் ஆர்வம். இன்னொருவருக்கு மரபணுவைத் திருத்துவதில். துறையில் இருந்ததென்னவோ இரண்டு நுண்ணோக்கிகளும், கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும்தான்.

சிவரஞ்சனி பெங்களூரில் முனைவர் பட்டம் வாங்கியவள். ஈஸ்ட் செல்லுக்குள் ஒரு புரதம் எப்படித் தன் இடத்தைத் தேடிப் போய்ச் சேருகிறது என்று ஐந்து வருடம் பார்த்தவள். அப்போது எழுதி வைத்ததைக் கணினியில் தேடி எடுத்துப் படித்தாள். முகம் தெரியாத யாரோ எழுதிய கடிதம் போல இருந்தது. கல்லூரிக்கு வந்த இந்த ஆறு வருடத்தில் அவள் பாடம் நடத்தினாள், மாணவர்களின் பதிவேடுகளைத் திருத்தினாள், தேர்வு அறையில் கண்காணித்தாள். கொஞ்ச நாளாக, வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு யாரோ பேசுவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. எதில் உனக்கு ஆர்வம் என்று கேட்டால், நேர்மையாகச் சொல்ல அவளிடம் ஒரு வரிகூட இல்லை. படிவத்தில் அதற்கென்று இருந்த கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு, போடிக்கு ரயில் ஏறினாள்.

போடியில் அண்ணன் சின்ராசு வீடு. அவன் ஜீப்பு வைத்திருந்தான். தினமும் விடியற்காலை பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்துக்குப் போவான், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவான். அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி அவன் மனைவி பொன்னுமணி. வயதில் சிவரஞ்சனியைவிட இரண்டே வருடம் மூத்தவள். நடக்கும்போது எங்கேயாவது நின்றுவிடுவாள் என்று அவளுக்குத் தோட்டத்தில் ஒரு பேர் உண்டு. எதையாவது பார்த்தபடி நின்றிருப்பாள், மற்றவர்கள் நாலு தூர் காய் எடுத்து முடித்திருப்பார்கள்.

வந்த மறுநாள் சிவரஞ்சனி வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பொன்னுமணிதான் கூப்பிட்டாள். மழை விட்டிருக்கிறது, மேலே வெயில் நன்றாக இருக்கிறது, வந்து காற்று வாங்கிவிட்டுப் போயேன் என்றாள். சிவரஞ்சனி மறுக்கவில்லை.

ஜீப்பு கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பத் திரும்ப, பின்னால் இருந்த பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் பதினான்கு தலைகளும் சேர்ந்து ஒரு பக்கம் சாயும், பிறகு மறு பக்கம் சாயும். சிவரஞ்சனியும் தூங்கினாள், விழித்தாள், மறுபடி தூங்கினாள். ஒரு தடவை கண்ணைத் திறந்தபோது கீழே போடி இருந்த இடத்தில் மேகம் பால் போலத் தேங்கி நின்றது. இன்னொரு தடவை திறந்தபோது அந்த மேகத்துக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணன் கண்ணாடியைத் துடைத்தபடி மெதுவாக ஓட்டினான். அவள் எங்கே போகிறோம் என்பதையே கொஞ்ச நேரம் மறந்திருந்தாள். அது சுகமாகத்தான் இருந்தது.

தோட்டத்தில் ஏலச்செடிகள், ஒரு தூருக்குப் பல தண்டாக, ஆளைவிட உயரம். மேலே பெரிய மரங்கள், அவற்றின் கீழே ஏலம், அதன் கீழே அடிமண்ணில் படர்ந்து கிடக்கும் காய்ச் சரங்கள். பெண்கள் தூருக்குத் தூர் குத்தவைத்துப் பழுத்த காயாகப் பார்த்து எடுத்தார்கள். உள்ளே எப்போதும் சாயங்காலம் போல ஒரு வெளிச்சம். ஆனால் ஆடி மாதக் காற்றில் ஒரு பெரிய மரம் சாய்ந்திருந்த இடத்தில் மட்டும் வானம் திறந்து கிடந்தது. அங்கே வெயில் நேராக இறங்கியது. பெண்கள் மதியச் சோற்றுக்கு அங்கேதான் உட்கார்ந்தார்கள்.

சோற்றை முடித்துவிட்டு எழுந்த பொன்னுமணி, வெயிலில் நின்ற ஒரு ஏல இலையின் மேல் கிடந்த, சீப்புப் பல் போலப் பிரிந்த பெரணி இலையை எடுத்து அப்பால் போட்டாள். சாப்பிட உட்காருமுன் அவளேதான் அதை அங்கே வைத்திருந்தாள். பிறகு சிவரஞ்சனியைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

இலை முழுதும் வெளுத்திருந்தது. நடுவில் மட்டும் கரும்பச்சையாக ஒரு பெரணி. ஒவ்வொரு பல்லும், ஒவ்வொரு நுனியும் அப்படியே இருந்தன. சிவரஞ்சனி விரலால் தொட்டாள். ஈரம் இல்லை, சாயம் இல்லை. பெரணி போய்விட்டது, அதன் நிழல் இலையோடு இருந்தது.

"நெழலு ஒட்டிக்கிருச்சு" என்றாள் பொன்னுமணி. "வெயிலு போனதும் கொஞ்ச நேரத்துல அழிஞ்சிரும். நான் சின்னப்புள்ளயா வேலைக்கு வந்த நாள்ல இருந்து பாக்குறேன். சொன்னா சிரிப்பாளுக."

சிவரஞ்சனி அந்த இலையின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அது என்ன என்று அவளுக்குத் தெரியும். இலையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சை மணிகள் போலப் பசுங்கணிகங்கள் இருக்கின்றன. வெளிச்சம் குறைவாக இருந்தால் அவை செல்லின் மேல்பரப்புக்கு வந்து விரிந்து நிற்கும், கிடைப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். வெயில் கூடினால் சுவரோரமாய் ஒதுங்கி ஒன்றின் பின் ஒன்றாக நின்றுகொள்ளும். ஒதுங்கிய இடம் வெளுக்கும், ஒதுங்காத இடம் பச்சையாக இருக்கும். பாடப்புத்தகத்தில் இது மூன்று வரி. ஆறு வருடமாக அந்த மூன்று வரியை அவள் நடத்தியிருக்கிறாள், தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டும் இருக்கிறாள். கண்ணால் பார்த்ததில்லை. இந்த மலைச்சரிவு முழுக்க, கோடிக்கணக்கான இலைகளுக்குள், வெயில் ஒரு மேகத்துக்குப் பின்னால் போய் வரும் ஒவ்வொரு தடவையும் பச்சை மணிகள் ஒதுங்குவதும் கூடுவதுமாய் இருக்கின்றன என்ற நினைப்பில் அவளுக்கு லேசாகத் தலை சுற்றியது. சுற்றி எல்லாம் அசையாமல் நின்றன. உள்ளே எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

அவள் தனக்குத் தெரிந்ததைப் பொன்னுமணிக்குச் சொன்னாள். பொன்னுமணி குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும், அப்படியானால் ஓடைக்கரைத் தூர் மட்டும் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

எந்தத் தூர் என்றாள் சிவரஞ்சனி.

ஓடைக்கரையோரம் ஒரு வரிசை. அதில் ஒரு தூரில் எதை வைத்தாலும் நிழல் ஒட்டாது. எவ்வளவு வெயில் அடித்தாலும் இலை வெளுக்காது. ஆனால் நாலு நாள் தொடர்ந்து வெயில் பட்டால் ஓரமெல்லாம் தீய்ந்துபோகும். பொன்னுமணி அதற்கு ஊமை என்று பேர் வைத்திருந்தாள்.

மறுநாளும் சிவரஞ்சனி ஜீப்பில் ஏறினாள். ஓடைக்கரையில் பத்து மணிக்கு வெயில் விழுந்ததும் ஊமையின் இலையில் ஒன்று, பக்கத்துத் தூரின் இலையில் ஒன்று எனப் பெரணியை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது பக்கத்துத் தூரில் நிழல் இருந்தது. ஊமையில் ஒன்றும் இல்லை. கரும்பச்சை இலை, ஒரே நிறமாக, எதையும் சொல்லாமல் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட செடியை உண்டாக்க ஆய்வுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான விதைகளுக்கு மரபணுவை மாற்றும் மருந்து வைத்துத் தேடுவார்கள். இங்கே அது தானாக முளைத்து, மொக்கச்சாமி என்ற கங்காணியின் கண்காணிப்பில், உருப்படியாகக் காய்க்காத செடியாக நின்றுகொண்டிருந்தது. சிவரஞ்சனி இரண்டு தூரிலிருந்தும் இலைகளைப் பறித்து ஈரத்துணியில் சுற்றிச் சோற்றுத் தூக்கில் வைத்துக்கொண்டாள்.

"கங்காணிகிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சிருவமா?" என்று பொன்னுமணி கேட்டாள்.

"வேணாம் மதினி. மொதல்ல நான் பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னால் அவளே பல தடவை யோசித்துப் பார்த்தாள். யாராவது கேள்விப்பட்டுப் பெரிய இடத்திலிருந்து வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பயம். அதைவிட, ரொம்ப நாளைக்குப் பிறகு தனக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது, கொஞ்ச நாள் கைக்குள்ளேயே வைத்திருக்கலாம் என்ற ஆசை.

கல்லூரியில், விடுமுறை முடிவதற்கு முதல் நாளே, ஆள் இல்லாத ஆய்வுக்கூடத்தைத் திறந்து உட்கார்ந்தாள். இலையைப் பிளேடால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாய்ச் சீவி, நுண்ணோக்கியில் வைத்து, விளக்கைக் கூட்டினாள். சாதாரண இலையில் பச்சை மணிகள் முதலில் சும்மா இருந்தன. பிறகு, அசைகின்றனவா இல்லையா என்று சந்தேகப்படும் வேகத்தில், நகரத் தொடங்கின. சபை கலைந்து எல்லாரும் சுவரோரம் போவது போல, நடுவெளி காலியாகிக்கொண்டே வந்தது. அவள் இமைக்க மறந்தாள். ஊமையின் இலையில் மணிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. விளக்கை முழுக்க ஏற்றினாள். அப்போதும் அவை நகரவில்லை.

அன்றே அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினாள்: வெயில் கூடும்போது ஏல இலையின் செல்லுக்குள் பசுங்கணிகங்கள் எப்படி ஒதுங்குகின்றன, ஒரு செடியில் மட்டும் ஏன் ஒதுங்குவதில்லை என்பதைப் பார்க்கிறேன். சுஜாதா கூப்பிட்டு, நூற்றைம்பது சொல் கேட்டேனே என்றார். இவ்வளவுதான் இருக்கிறது மேடம் என்றாள் சிவரஞ்சனி. அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டு, சரி, இருக்கட்டும் என்றார். அந்தப் பக்கத்தில் அவளுடைய பெயரின் கீழ் மட்டும் நிறைய வெற்றிடம் இருந்தது.

பிறகு உள்தேர்வு வந்தது. விடைத்தாள்கள் வந்தன. ஊமையிலிருந்து ஒரு கன்று எடுத்துத் தனியாக வளர்க்க வேண்டும், அடுத்த சனிக்கிழமை போகலாம், அதற்கடுத்த சனிக்கிழமை போகலாம் என்று மூன்று வாரம் ஓடிப்போனது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் அவள் அண்ணன் வீட்டுக்குப் பேசி, மதினியிடம் ஒரு கன்று பெயர்த்து வைக்கச் சொல்லேன் என்றாள். சின்ராசு கைப்பேசியைப் பொன்னுமணியிடம் கொடுத்தான்.

"அந்த வரிசையவே பிடுங்கிட்டாக ரஞ்சனி. முந்தாநாளு. புது ரகம் வைக்கப் போறாகளாம். நான் அன்னைக்கிக் காய்ச்சல்ல வீட்ல கிடந்தேன். இன்னைக்கிப் போய்ப் பாத்தாத்தான் தெரியுது. உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு உக்காந்திருந்தேன்."

சனிக்கிழமை வரை சிவரஞ்சனிக்கு ஒன்றும் ஓடவில்லை. கனவில் பச்சை மணிகள் வந்தன. அவை நகரவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தன.

சனிக்கிழமை அவள் போனபோது மலையில் பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஓடைக்கரை வரிசை வெறும் குழிகளாகக் கிடந்தது. மொக்கச்சாமி குடையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வருத்தம்தான்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு குச்சிய நட்டு, இது டீச்சர் செடின்னு விட்டுருப்பேன்ல" என்றார். "முதலாளிகிட்ட நானே சொல்லியிருப்பேனே."

சிவரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள். தோண்டிய தூர்களையெல்லாம் கீழே பள்ளத்தில் தள்ளியிருக்கிறார்கள், வேண்டுமானால் போய்ப் பாருங்கள் என்று அவர் வழி காட்டினார்.

பள்ளத்தில் அந்த வரிசையின் இருபது தூர்களும் ஒரே குவியலாகக் கிடந்தன. தண்டெல்லாம் வெட்டப்பட்டு, இலைகள் அழுகி, கிழங்கும் வேரும் மண்ணுமாய் ஒன்றோடு ஒன்று பின்னியிருந்தன. எது ஊமை, எது மற்றது என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. நிழல் வைத்துப் பார்க்க உயிருள்ள இலை ஒன்றுகூட இல்லை. சிவரஞ்சனி மழையில் நின்று பார்த்தாள். திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல வாய் எடுத்தாள். அதற்குள் பொன்னுமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கியிருந்தாள்.

கிழங்குகளில் அங்கங்கே விரல் நீளத்துக்கு முளை விட்டிருந்தது. எதெல்லாம் வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறதோ அதையெல்லாம் எடுப்போம், எது ஊமை என்று அதுவே பிறகு சொல்லட்டும் என்றாள் பொன்னுமணி. இருவருமாக மதியம்வரை சேற்றில் உட்கார்ந்து நாற்பத்து மூன்று முளைகளைக் கிழங்கோடு நறுக்கி எடுத்தார்கள். சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். போடிச் சூட்டில் ஏலம் பிழைக்காது என்பதால், குரங்கணியில் பொன்னுமணியின் தம்பி யோகராஜின் காப்பித் தோட்டத்தில், மரநிழலில், கறுப்புப் பைகளில் மண் நிரப்பி நட்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவை பொன்னுமணி வந்து பார்த்தாள். சிவரஞ்சனி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்தாள். பதினான்கு முளைகள் அழுகிப்போயின. மீதி இருபத்தொன்பது இலை விட்டன. எல்லாம் ஒரே மாதிரிப் பச்சை. அவற்றில் ஊமை இருக்கிறதா, அல்லது அழுகிய பதினான்கோடு போய்விட்டதா, யாருக்கும் தெரியாது.

இலைகள் சோதிக்கும் அளவுக்கு விரிந்தபோது தை மாதம் பிறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வானம் துடைத்து வைத்தது போலிருந்த காலையில், யோகராஜின் உதவியோடு இருபத்தொன்பது பைகளையும் வெயில் விழும் பாறை மேல் வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொரு செடியின் பெரிய இலையிலும் ஒரு பெரணித் துணுக்கை வைத்து, பறந்துவிடாமல் தலைமுடிக்குக் குத்தும் கிளிப்பால் பிடித்துவிட்டாள் பொன்னுமணி. பிறகு தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காப்பிப் பூ வாசம் இல்லாத பருவம், ஆனாலும் காற்றில் ஏதோ இனித்தது. மலைக்கு மேலே ஒரு வெள்ளை மேகம் எழும்பி, வருவதா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்றது. சிவரஞ்சனிக்கு உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். பொன்னுமணி பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாளா என்று பார்த்தபோது, "நீ நடந்தா மட்டும் வெரசா ஆயிருமாக்கும்" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

நேரம் ஆனதும் முதல் பையிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தார்கள். முதல் இலையில் நிழல் இருந்தது. இரண்டாவதில், மூன்றாவதில், பத்தாவதில் இருந்தது. சின்னச் சின்னப் பெரணிகள் வரிசையாக, வெளுத்த இலைகளில் பச்சையாகப் படுத்திருந்தன. வேறு ஒரு நாளாயிருந்தால் சிவரஞ்சனி அதை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். இன்று ஒவ்வொரு நிழலையும் கண்டதும் அடுத்த பைக்கு நகர்ந்தாள். பதினாறு ஆயிற்று.

பதினேழாவது பையில் பொன்னுமணி கிளிப்பை எடுத்தாள், பெரணியை எடுத்தாள். இலையைத் தன் பக்கமாய்த் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிவரஞ்சனியின் பக்கமாய்த் திருப்பினாள். ஒன்றும் இல்லை. ஒரே கரும்பச்சை.

"இதுதான்" என்றாள் பொன்னுமணி.

சிவரஞ்சனி மண்டியிட்டு, அந்த இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. எதற்காக அழுகிறோம் என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. இருபத்து நாலாவது பையிலும் நிழல் ஒட்டவில்லை. ஆக, ஊமையின் இரண்டு கன்றுகள் தப்பியிருந்தன. கடைசிப் பையைப் பார்த்து முடித்தபோது மேகம் ஒரு முடிவுக்கு வந்து இறங்கிவிட்டது. பாறை மறைந்தது, பைகள் மறைந்தன. இலைகளில் இருந்த நிழல்கள் அழிவதைப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே சிவரஞ்சனி மொக்கச்சாமிக்குப் பேசி நடந்ததைச் சொன்னாள். அவர் முதலாளியிடம் கேட்டு, செடியை அவளே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதி வாங்கிக் கொடுத்தார். இரண்டு கன்றில் ஒன்றை மதுரைக்குக் கொண்டுபோனாள். அது சித்திரை வெயில் தாங்காமல் செத்துப்போனது. மற்றது குரங்கணியில் இப்போது ஏழு தண்டோடு நிற்கிறது. அதைப் பற்றி அவள் எழுதிய சிறு கட்டுரை, ஒன்றரை வருடம் கழித்து ஓர் ஆய்விதழில் வந்தது. அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவது பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று சுஜாதா கேட்டார். ஏலத் தோட்டத் தொழிலாளி, போடிநாயக்கனூர் என்று போடச் சொன்னாள் சிவரஞ்சனி. அப்படியே வந்தது.

கட்டுரை வந்த ஆனி மாதத்தில் பொன்னுமணி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு வந்தாள். ஆய்வுக்கூடத்தில் செருப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்றாள். சிவரஞ்சனி முதலில் சாதாரண இலையைக் காட்டினாள். பொன்னுமணி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் எடுக்கவேயில்லை. மணிகள் ஒதுங்கி, நடுவெளி காலியாகும்வரை, அரை மணி நேரத்துக்கும் மேலாக, குனிந்தபடி நின்றாள். முதுகு வலிக்கும் மதினி, உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டும் அவள் கவனிக்கவில்லை. பிறகு குரங்கணியிலிருந்து பறித்து வந்த ஊமையின் இலையைப் பார்த்தாள்.

ஒதுங்கச் சொல்லி இவைகளுக்கு யார் சொல்கிறார்கள் என்று கேட்டாள். செல்லின் ஓரத்தில் ஒரு புரதம் இருக்கிறது, வெயிலில் உள்ள நீல வெளிச்சம் பட்டதும் அது விழித்துக்கொண்டு சேதி அனுப்பும் என்று சிவரஞ்சனி சொன்னாள். பொன்னுமணி ஊமையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப இந்த ஊமைக்குச் சேதியே வரலையா? இல்ல, வந்தும் இதுக நகரமாட்டாமக் கெடக்குதுகளா?"

அடுத்த மூன்று வருடத்துக்குச் சிவரஞ்சனி பார்க்க வேண்டிய வேலை முழுக்க அந்த இரண்டு கேள்வியில் இருந்தது.

"தெரியல மதினி" என்றாள்.

பொன்னுமணி தலையை ஆட்டிக்கொண்டாள். விளக்கை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்து கண்ணை வைத்தாள்.